ராசியான கோட்டு

ஊருக்குள் கணபதி என்கிற பகுதியில் மூன்று லேத்து மிஷின் போட்டுப் பட்டறை நடத்தும் ஞானாபரணம், ஐம்பத்தேழு வயதுவரை என்ன சட்டை போடுவது என்று யோசித்ததே கிடையாது. பட்டறைக்குக் காக்கி, சர்ச்சுக்கு வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, வீட்டில் கைலி. தீர்ந்தது விஷயம். கல்யாணமோ காரியமோ, வெள்ளை வேட்டிக்கு மேல் ஒரு உடுப்பு உலகத்தில் இருப்பதாக அவர் ஒத்துக்கொண்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனை, போன மாதம் ஒரு வரி வாட்ஸ்அப் செய்தி வந்து பம்பரமாய் ஆட்டிவிட்டது.

செய்தி வந்தது அவருடைய மகள் கரோலினின் ஃபோனுக்கு. அனுப்பியவன் ஜெரால்டு. 'சனிக்கிழமை ஏழரை மணி டின்னர். ஆறு பேருக்கு டேபிள் போட்டாச்சு. டிரஸ் கோட்: ஸ்மார்ட் ஃபார்மல்.'

கரோலின் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஜெரால்டு அங்கே அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காரும் பையன். ஈரோட்டுக்காரன். அப்பா ஆரோக்கியநாதன் ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பெயர் செலின். பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பி, அதை வீட்டில் சொல்லி, இரண்டு வீடும் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்கிற இடத்துக்கு வந்தாயிற்று. பெரியவர்கள் நேரில் பார்த்துப் பேச வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கி மூன்று வாரம் இழுத்தது. சண்டை ஒன்றும் இல்லை. எல்லாம் மரியாதை. "ஒருக்கா நம்ம ஊட்டுக்கு வாங்க" என்பார் ஞானாபரணம் ஃபோனில். "அதெப்படீங்க, நீங்க முதல்ல ஈரோட்டுக்கு வாங்க" என்பார் ஆரோக்கியநாதன். "உங்க சவுகரியம் எப்படியோ அப்படீங்க." "அய்யோ, உங்க சவுகரியந்தானுங்க முக்கியம்." இப்படியே போனால் கல்யாணம் அறுபதாம் கல்யாணமாகத்தான் நடக்கும் என்று பயந்துபோன ஜெரால்டு, இரண்டு ஊட்டுக்கும் வேண்டாம் என்று அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலின் மேல்மாடியில் மேசை பிடித்துவிட்டான். டிரஸ் கோட் அந்த ஓட்டலின் சட்டம்.

"ஸ்மார்ட்டுன்னா என்ன கண்ணு?" என்று கேட்டார் ஞானாபரணம்.

"நீட்டா வரணும்ப்பா."

"நான் எப்ப நீட்டா இல்லாம போனேன்? சரி, ஃபார்மல்னா?"

"சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டு... அந்த மாதிரிப்பா."

"கோட்டு போடோணுமா?"

"போட்டாலும் தப்பில்லை. போடாட்டியும் தப்பில்லை."

இப்படி ஒரு பதிலைச் சொல்வதற்குப் பதில் அவள் சும்மா இருந்திருக்கலாம். போதாக்குறைக்கு, "நீங்க எப்படி வந்தாலும் எனக்குச் சரிதாம்ப்பா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். ஞானாபரணம் அன்றைக்குப் பட்டறையில் ஒரு ஷாஃப்டை இரண்டு தடவை தப்பாகக் கடைந்தார்.

அவர் இவ்வளவு அலட்டிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் துடியலூரிலிருந்து ஒரு குடும்பம் கரோலினைப் பெண் பார்க்க வந்தது. வழி தெரியாமல் நேராகப் பட்டறைக்குள் காரை விட்டார்கள். ஞானாபரணம் ஆயில் படிந்த காக்கிச் சட்டையோடு, கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து வரவேற்றார். வந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து தலையைச் சொறிந்தார். "பொண்ணைப் பத்தி ஒரு குறையும் இல்லீங்க. அப்பா லேத்து ஓட்டறவராட்ட இருக்குதேன்னு யோசிக்கறாங்க."

கரோலின் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. முப்பது வருஷம் லேத்து ஓட்டித்தான் அவளைப் படிக்க வைத்தார், அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் தன் சட்டையைப் பார்த்து எவனோ ஒருத்தன் தன் மகளை எடை போட்டுவிட்டான் என்பது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதுவாவது தரகர் கொண்டுவந்த இடம், போனால் போகிறது. இது கரோலினே ஆசைப்பட்ட பையன். தன்னால் இது கெட்டுப்போய், அந்த ஓட்டலில் மகள் தலைகுனிந்து நின்றால் அப்புறம் தான் மனுஷனே இல்லை என்று ஞானாபரணம் தீர்மானமாக நினைத்தார்.

ஆகவே, ஆரோக்கியநாதன் என்ன போட்டுக்கொண்டு வருகிறார் என்று தெரிய வேண்டும். அவர் போடுவதையே தானும் போட்டுவிட்டால் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. நேராகக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்பதால், சுற்றி வளைத்து ஃபோன் போட்டார்.

"ஏனுங்க, சவுக்கியங்களா? ஈரோட்டுல வெயில் எப்படீங்க?"

"அதையேன் கேக்கறீங்க. காலையில போட்ட சட்டை பத்து மணிக்கு நனைஞ்சு போகுதுங்க."

சட்டை என்ற சொல் தானாக வந்து விழுந்ததும் ஞானாபரணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாங்க, இந்த வெயில்ல என்ன போடறதுன்னே தெரியறதில்லீங்க. சனிக்கிழமைக்கு நீங்க எப்படீங்க..."

"நமக்கென்னங்க, சிம்பிளா வந்துருவோம். நீங்க எப்படி வாரீங்க?"

"நாங்களும் சிம்பிள்தானுங்க."

ஃபோனை வைத்ததும், பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி விமலாராணி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "என்னன்னாரு?"

"சிம்பிளா வாராராம்."

"அப்ப கோட்டுத்தான்."

"ஏன் ராணி?"

விமலாராணி சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்தாள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். எதையும் படிப்படியாக நிரூபிக்காமல் விடமாட்டாள். "நம்ம ஊர்ல எவன் சிம்பிளா வாரேன்னு சொல்லிப்போட்டுச் சிம்பிளா வந்திருக்கான்? சிம்பிளா காது குத்தறேன்னு சொன்ன உங்க கூட்டாளி, ரெண்டாயிரம் பேருக்கு இலை போட்டாரா இல்லையா? ஒண்ணுமில்லீங்க, சும்மா வாங்கன்னு கூப்பிட்டாங்கன்னு நீங்க கைலியோட போன கிரகப்பிரவேசத்துல மந்திரி உக்காந்திருந்தாரா இல்லையா? இவரு ரயில்வே ஆபீசரு வேற. அந்த டிபார்ட்மெண்டே கோட்டுப் போட்ட டிபார்ட்மெண்ட்டு. நான் சொல்றதைச் சொல்லிப்போட்டேன்."

பீரோவுக்கு மேலிருந்த டிரங்குப் பெட்டி இறங்கியது. கல்யாணத்தன்று பெரியவர்கள் வற்புறுத்தி மாட்டிவிட்ட ஒரே கோட்டு அதில் ரசகற்பூர வாசனையோடு தூங்கிக்கொண்டிருந்தது. கை இரண்டும் உள்ளே போயின. அதற்குமேல் கோட்டும் வரவில்லை, கையும் திரும்பவில்லை. விமலாராணி அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து உரித்தெடுக்க வேண்டியதாயிற்று. அவள் சிரித்த சிரிப்பில் பாதித் தாள்கள் கட்டிலுக்கடியில் பறந்துபோயின.

மறுநாள் உக்கடம் பக்கம் யூனுஸ் பாய் கடைக்குப் போனார். மாப்பிள்ளைகளுக்குக் கோட்டும் ஷெர்வானியும் வாடகைக்கு விடுகிற கடை.

"வாங்ணா! மாப்பிள்ளைக்குங்களா?"

"இல்லீங்க பாய். மாமனாருக்கு."

"அவரையும் கூட்டியாந்திருக்கலாமே. அளவு பாக்கோணுமே."

"வந்திருக்காருங்க. நாந்தான்."

யூனுஸ் பாய் அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார். பிறகு வேலையில் இறங்கினார். சரிகை ஷெர்வானி ஒன்று வந்தது. அதில் ஞானாபரணத்தைப் பார்த்தால் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வரும் ஞானி மாதிரி இருந்தது. நீலக் கோட்டு வந்தது, தோளில் தொங்கியது. கடைசியில் ஒரு கறுப்புக் கோட்டு வந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதாண்ணா உங்களுக்குன்னே தைச்சது. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட்டு. இதுக்கு டை வேண்டாம், போ."

"எங்கீங்க போறது?"

"போ-ங்கறது பேருங்ணா. கழுத்துல பட்டாம்பூச்சி கணக்கா கட்டுவாங்களே." மெரூன் நிறத்தில், எலாஸ்டிக் வைத்த ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். "ஆகா! வெளிநாட்டுல இருந்து வந்தவராட்ட இருக்கீங்க. ஒண்ணு சொல்றேன், இது ராசியான கோட்டுங்ணா. இதைப் போட்டுட்டுப் போன எந்த மாப்பிள்ளைக்கும் கல்யாணம் நின்னது கிடையாது."

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஞானாபரணம் அதை எடுத்துக்கொண்டார். போகிற வழியில் தலைக்கு மை ஒரு பாக்கெட்டும் வாங்கினார். சனிக்கிழமை மத்தியானம் அதைப் பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, பத்து வயது உதிர்ந்திருந்தது. "இத்தனை வருஷத்துல எனக்காக ஒரு நாள் இப்படிப் பூசினதுண்டா?" என்று விமலாராணி இடித்தாள்.

கரோலின் அப்பாவைக் கோட்டில் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சூப்பரா இருக்கீங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டென்று கார் சாவியைத் தேடப் போனாள். பெருமையில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கார் ஓட்டல் வாசலை நெருங்கும் நேரத்தில் விமலாராணி, "ஐயோ ஆண்டவரே, பழத்தட்டு!" என்று அலறினாள். ஆப்பிளும் ஆரஞ்சுமாக அடுக்கி, வண்ணத்தாள் சுற்றி, சாப்பாட்டு மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தாயிற்று. பெண் வீட்டார் வெறுங்கையோடு போய் நிற்பதா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. "நீங்க இறங்கி மேல போய் நில்லுங்க. ரயில்வேக்காரரு, கரெக்டா வந்துருவாரு. வரவேற்க ஆளில்லாம இருந்தா நல்லா இருக்காது. நாங்க போயிட்டு ஓடியாந்துடறோம்" என்று அவரை இறக்கிவிட்டு, தாயும் மகளும் கணபதிக்குத் திரும்பினார்கள்.

ஞானாபரணம் லிஃப்டில் ஏறி மேல்மாடிக்கு வந்தார். மெல்லிய வெளிச்சம், மெல்லிய பாட்டு. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து தண்ணீர் ஜக்கோடு ஒருவர் கடந்து போனார். கறுப்புக் கோட்டு. வெள்ளைச் சட்டை. கழுத்தில் மெரூன் நிறத்தில் போ.

ஞானாபரணம் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இன்னொருவர் தட்டோடு போனார். அதே கோட்டு. அதே போ. அட யூனுஸ் பாய்! இதில் உங்க ராசியைக் கொண்டுபோய் எங்கே வைக்க? பின்கழுத்தில் கையை விட்டுக் கொக்கியைக் கழற்றப் பார்த்தார். அது முடியில் சிக்கிக்கொண்டு மாட்டேன் என்றது. அந்த நேரம் பார்த்து லிஃப்டு திறந்தது.

வெளியே வந்தவர்களை அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கரோலின் ஃபோனில் படம் காட்டியிருக்கிறாள்; அவருடைய படத்தைத்தான் அவர்கள் பார்த்ததில்லை. ஆரோக்கியநாதன் சந்தன நிறத்தில் அரைக்கைச் சட்டை போட்டு, அதை வெளியே விட்டு, காலில் செருப்பு மாட்டியிருந்தார். செலின் அம்மா சாதாரணப் பருத்திப் புடவையில் இருந்தார். உலக அதிசயமாக, சிம்பிளாக வருகிறேன் என்று சொன்ன ஒரு மனுஷன் சிம்பிளாகவே வந்திருந்தார். ஜெரால்டு அவர்களை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான்.

ஞானாபரணம் இரண்டு கையையும் கூப்பினார். "வணக்கமுங்க! வாங்க, வாங்க!"

"வணக்கம் தம்பி" என்றார் செலின் அம்மா. "ஜெரால்டுங்கற பேருல ஆறு பேருக்கு டேபிள் சொல்லியிருக்குது. எங்கீங்க?"

ஞானாபரணம் வாயைத் திறந்தார். நான் பொண்ணோட அப்பாங்க என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் என்ன ஆகும்? ஈரோட்டிலிருந்து இத்தனை தூரம் வந்தவர்கள், லிஃப்டை விட்டு இறங்கியதும் வெட்கப்பட்டுப் போவதா? முதல் வார்த்தையிலேயே அவர்களைத் தப்பு செய்தவர்கள் ஆக்குவதா? வேறு ஊர்க்காரன் என்றால் பட்டென்று சொல்லியிருப்பான். ஞானாபரணம் நம்ம ஊர்க்காரர். வந்தவர்களைச் சங்கடப்படுத்த அவருக்கு நாக்கு எழவில்லை.

"இப்படி வாங்க" என்றார், ஃபோனில் கேட்ட குரல் பிடிபடாதபடி தணித்து.

ஜன்னலோரம் ஆறு நாற்காலி போட்ட மேசை ஒன்று காலியாக இருந்தது. ஜெரால்டு பெயர் எழுதிய அட்டையும் இருந்தது. தெய்வச் செயல். நாற்காலியை இழுத்துவிட்டு உட்கார வைத்தார். பக்கத்து மேசையிலிருந்த ஜக்கை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். கரோலின் வந்ததும் சிரித்துச் சமாளித்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் அக்கட்ட ஒதுங்கி நின்றுவிடலாம் என்று திரும்பினார்.

"தம்பி, ஒரு நிமிஷமுங்க." ஆரோக்கியநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? இங்க டிரஸ்ஸுக்கு என்னமோ சட்டம் இருக்குதாமா. இந்தச் சட்டை பரவாயில்லீங்களா?"

இத்தனை நாளாகத் தான் ஊரெல்லாம் கேட்டு அலைந்த கேள்வி தன்னையே தேடி வந்திருக்கிறது! ஞானாபரணத்துக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமுங்க. இதுக்கு மேல எது போட்டாலும் எச்சா இருக்கும்." கழுத்தில் போ அரித்தது.

"நான் கோட்டு எடுத்துக்குங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன் தம்பி" என்றார் செலின் அம்மா. "கேக்கோணுமே! பொண்ணோட அப்பா சிம்பிளா வாரேன்னு சொல்லிப்போட்டாரு, நாம கோட்டை மாட்டிட்டுப் போனா அவர இறக்கிக் காட்டற மாதிரி ஆயிருமுன்னு, வேண்டவே வேண்டாம்னுட்டாரு."

ஞானாபரணம் ஜக்கைப் பிடித்தபடி நின்றார். நேரில் பார்த்தேயிராத ஒருவர், ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் மரியாதைக்காகக் கோட்டைக் கழற்றி வைத்திருக்கிறார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? இப்போது சொன்னால் இன்னும் மோசம். "இதோ வாரேனுங்க" என்று நகர்ந்தார்.

"தம்பி, அந்த ஏசியைச் சித்தெ கம்மி பண்ணச் சொல்லுங்க" என்றார் செலின் அம்மா.

ஏசியின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் திரைக்குப் பின்னால் போய்ச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பேச ஆரம்பித்தார்கள்.

"எனக்குக் கையெல்லாம் வேர்க்குது செலின்."

"நல்லாருக்குது போங்க. ஆயிரம் பேர வெச்சு வேலை வாங்கினவரு."

"வாங்கினேன். நானும் ஒருத்தன்கிட்டக் கைகட்டி நின்னு சம்பளம் வாங்கினவன்தானே? அவரு சொந்தமா மூணு மிஷின் போட்டு நடத்தற முதலாளி. அவரு என்னையப் பாத்துப்போட்டு, இந்தப் பென்ஷன்காரன் வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

"அப்படிச் சொல்லிறக் கூடாதுங்க." செலின் அம்மாவின் குரல் இறங்கியது. "போன வருஷம் டெங்கு வந்து நம்ம பையன் கெடந்தப்ப, நாம ஈரோட்டுல இருந்து வந்து சேர்றதுக்குள்ள, ரத்தம் குடுக்க நாலு பேரக் கூட்டியாந்து, ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியிலயே உக்காந்திருந்துச்சே அந்தப் புள்ள. நம்மளப் பாத்ததும் ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சு எடம் விட்டுப் போச்சு. அப்பவே நான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டனுங்க. இந்தப் புள்ள நம்ம ஊட்டுக்கு வந்தாப் போதும். அவங்கப்பா எது கேட்டாலும் சரின்னுருங்க."

திரைக்குப் பின்னால் ஞானாபரணத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆபீசில் அவசர வேலை என்று சொல்லி மகள் ஒரு ராத்திரி வராதிருந்தது ஞாபகம் வந்தது. அதற்காக அவளைத் திட்டியிருக்கிறார். சும்மா இருக்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, "அப்படியெல்லாம் அவரு வேண்டாம்னு சொல்ல மாட்டாருங்க" என்றார்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"இல்லீங்க... இங்க நெறையக் குடும்பத்தைப் பாக்கறமுங்களே" என்று உளறிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அங்கே கிருபாசங்கர் என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்த, சிப்பந்திகளை வேலை வாங்கும் கேப்டன் அவரை மறித்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ஏனுங்க, கீழ பேங்க்வெட் ஹால்ல இருந்து அனுப்பின ஆளா? ஏசியத் தடவிட்டு நிக்கறீங்க? நாலாம் டேபிளுக்கு சூப் போகோணும். புடிங்க, புடிங்க!" சொல்லிக்கொண்டே ஐந்து கிண்ணம் சூப் இருந்த தட்டைக் கையில் திணித்துவிட்டார்.

"ஆகட்டுங்க" என்றார் ஞானாபரணம். வேறு என்ன சொல்வார்?

ஆவி பறக்கும் சூப்போடு அவர் நடுக்கூடத்துக்கு வந்ததும் லிஃப்டு திறந்ததும் ஒன்றாக நடந்தது. முன்னால் பழத்தட்டோடு விமலாராணி. பின்னால் கரோலின். அவளோடு, கீழே வண்டி நிறுத்திவிட்டு வந்த ஜெரால்டு.

"ஏனுங்க!" விமலாராணியின் குரல் வகுப்பறையில் கேட்பதுபோல் கணீரென்று கேட்டது. "கையில என்னங்க அது?"

உணவகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆரோக்கியநாதன் பார்த்தார். செலின் அம்மா பார்த்தார். எது நடக்கக் கூடாது என்று அவர் கோட்டும் மையுமாக அலைந்தாரோ அதுவே, சூப்போடு சேர்த்து நடந்தேவிட்டது. மகள் ஆசைப்பட்ட இடம். அவள் கண் முன்னால் அப்பா ஓட்டல் சிப்பந்தியாய் நிற்கிறார். ஞானாபரணம் கரோலினின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சூப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் கேட்டது சிரிப்பு. கரோலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நேராக வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, சர்ச்சில் சாட்சி சொல்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "அங்கிள், ஆன்ட்டி, இவருதான் எங்கப்பா."

செலின் அம்மா எழுந்தார். கை வாய்க்குப் போயிற்று. "ஐயோ சேசுவே! தம்பி தம்பின்னு ஏவிப்போட்டனே! தெரியாமப் பண்ணிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சம்பந்தி என்பது சும்மா வாயில் வருகிற வார்த்தை இல்லை. தட்டு மாற்றி, நிச்சயம் முடித்து, அப்புறம்தான் அந்தச் சொல் வெளியே வரும். அதுவரைக்கும் பொண்ணு ஊட்டுக்காரங்க, பையன் ஊட்டுக்காரங்க என்பதோடு சரி. வந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஜெரால்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். விமலாராணி பழத்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கேப்டன் கிருபாசங்கர் விஷயம் விளங்காமல், "என்னங்க நின்னுட்டீங்க, சூப்பு!" என்று ஓடிவந்தார்.

ஆரோக்கியநாதன் அவரைப் பார்த்த பார்வையில் பழைய ரயில்வே அதிகாரி திரும்பி வந்திருந்தார். "யாருகிட்டப் பேசறீங்க? அவரு என்னோட சம்பந்தி" என்றார். தெரியாமல் வந்த வார்த்தை இல்லை இது. தெரிந்தே, அழுத்திச் சொன்னது.

கேப்டன் கோட்டைப் பார்த்தார், போவைப் பார்த்தார், முகம் வெளுத்தார். ஆயிரம் மன்னிப்புக் கேட்டுத் தட்டை வாங்கக் கை நீட்டினார். ஞானாபரணம் தட்டை விடவில்லை.

"இருக்கட்டுங்க" என்றார். "ஆகட்டும்னு சொல்லிக் கையில வாங்கிப்போட்டேன். நாலாம் டேபிள்காரங்க அப்ப இருந்து காத்துட்டிருக்காங்க. இதைக் குடுத்துப்போட்டு வந்து உக்காந்துக்கறேன். சித்தெ இருங்க சம்பந்தி."

"அஞ்சு கிண்ணத்தை ஒருத்தரா எப்படீங்க தூக்குவீங்க? நானும் வாரேன்" என்று ஆரோக்கியநாதன் தட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ, நீங்க உக்காருங்க."

"அதெல்லாமில்லீங்க, நடங்க."

வெயிட்டர் கோட்டு ஒரு பக்கம், வெளியே விட்ட அரைக்கைச் சட்டை ஒரு பக்கம். ஒரு தட்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் வழி விட்டு விட்டு நடந்ததில், பத்து அடி தூரத்துக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. கோட்டையும் சட்டையையும் அங்கே ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. ஜெரால்டு ஃபோனில் படம் எடுத்துத் தள்ளினான். விமலாராணியும் செலின் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களா சிரித்தார்களா என்று சொல்ல முடியவில்லை.

பக்கத்து மேசையில் தோசையைப் பாதியில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், கரோலினிடம் குனிந்து கேட்டார். "ஏம்மணி, உங்கப்பான்னு சொன்னியே, அதுல யாரு?"

கரோலின் தலையை நிமிர்த்திச் சொன்னாள். "ரெண்டு பேருந்தானுங்க."